கால் இன்ச்சும் ஆறு மில்லிமீட்டரும்: ரவுட்டர் கொலெட்டைத் தேர்வதும் பொருத்துவதும்

சிரம்பானுக்குத் தெற்கே உள்ள செனாவாங் இன்று தொழிற்பேட்டைக்கும் தாமான் வீடுகளுக்கும் பெயர்பெற்ற இடம். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களே நிறைந்திருந்தன. பால் வற்றிய மரத்துக்கு அன்று ஒரே கதிதான்: விறகு. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்திலோ செங்கல் சூளையிலோ எரிந்து முடியும். வெட்டிய கையோடு போரான் மருந்து ஏற்றி உலர்த்தினால், பூச்சி அரிக்காத, நீலக்கறை பிடிக்காத பலகை அதிலிருந்து கிடைக்கும் என்பது ஆய்வில் உறுதிப்பட்ட பிறகு நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அந்த ஆய்வில் பெரும் பங்கு உண்டு. 1980-களிலிருந்து மலேசியாவின் தளவாடத் தொழில் பெருமளவில் இந்தப் பலகையை நம்பியே வளர்ந்தது. உள்ளூர் ஆலைகளுக்கே மரம் போதாமல் போய், 2017 ஜூலையில் அரசு ரப்பர் மரப் பலகை ஏற்றுமதியைத் தடை செய்தது.

இந்தப் பலகையில் மேசை விளிம்பை உருட்டுவது, மாடிப்படிக் கைப்பிடியை வடிப்பது, அலமாரிக் கதவில் காடி எடுப்பது எல்லாம் ரவுட்டரின் வேலை. ரவுட்டர் வாங்குபவர் மோட்டாரின் வாட்டைப் பார்க்கிறார். பிட் வாங்குபவர் கார்பைடின் தரத்தை விசாரிக்கிறார். இரண்டையும் இணைக்கும் விரலளவு எஃகு வளையத்தை யாரும் விசாரிப்பதில்லை. அதுதான் கொலெட். பெட்டியோடு வந்தது, இயந்திரம் உள்ளவரை அதுவும் இருக்கும் என்பதே பல பட்டறைகளின் எண்ணம். பிட் கருகுகிறது, விளிம்பில் அலை விழுகிறது, காடி போகப் போக ஆழமாகிறது என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் கொலெட்டைப் பற்றியவை. எதை வாங்குவது, எப்படி மாட்டுவது, எப்போது தூக்கிப் போடுவது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிடி எப்படி உண்டாகிறது

ரவுட்டரின் சுழல்தண்டு (ஸ்பின்டில்) முனையில் கூம்பாகக் குடைந்த ஒரு குழி இருக்கும். கொலெட்டின் வெளிப்புறம் அதே சரிவில் கூம்பாகவும், உள்துளை நேராகவும் இருக்கும். சுவரில் நீளவாக்கில் பிளவுகள் வெட்டியிருப்பார்கள். நட்டை இறுக்கினால் கொலெட் குழிக்குள் தள்ளப்படும், சரிவு அதை நாலாபுறமும் அமுக்கும், பிளவுகள் சுருங்கும், உள்துளை பிட்டின் தண்டைக் கவ்வும். பூட்டாணி, சாவி என்று எதுவும் கிடையாது. உராய்வு ஒன்றுதான் பிட்டைப் பிடித்து வைக்கிறது.

உராய்வு முழுமையாகக் கிடைக்க, உள்துளை தண்டை நீளம் முழுவதும் தொட வேண்டும். துளை சற்றுப் பெரிதாக இருந்தால் கொலெட் அளவுக்கு மீறிச் சுருங்கி, வாயில் மட்டும் தொடும். துளை சிறிதாக இருந்து தண்டை வலிந்து நுழைத்தால் கொலெட் விரிந்து, உள்முனையில் மட்டும் தொடும். இரண்டிலும் பிட் இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும். சுமை ஏறியதும் நழுவும்.

மேல்நோக்கிச் சீவும் சுருள் பிட்டில் இந்த ஆபத்து அதிகம். அது மரத்தூளை மேலே இழுத்துத் தள்ளும்போது, எதிர்விசை பிட்டைக் கொலெட்டிலிருந்து கீழே இழுக்கிறது. பிடி தளர்ந்தால் பிட் மயிரிழை மயிரிழையாக இறங்கும். 10 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி பலகையின் மறுமுனையில் 12 மி.மீ. ஆகியிருந்தால், ஆழம் வைத்தவரைத் திட்டுவதற்கு முன் கொலெட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இரண்டு அளவு முறைகள் சந்திக்கும் நாடு

மலேசியா 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனாலும் பிளைவுட் இன்றும் 8-க்கு 4 அடி என்றுதான் கேட்கப்படுகிறது. ரவுட்டர் பிட்டிலும் இதே இரட்டை வாழ்க்கை. அமெரிக்கப் பாணிப் பிட்டுகள் கால் இன்ச், அரை இன்ச் தண்டில் வருகின்றன. ஐரோப்பியப் பிட்டுகளில் 8, 12 மி.மீ. தண்டுகள் சகஜம். ஜப்பானிய டிரிம்மர் 6 மி.மீ. கொலெட்டோடும் கிடைக்கும், கால் இன்ச் கொலெட்டோடும் கிடைக்கும். மக்கீட்டா 3709 போன்ற சிறு டிரிம்மர், விற்கும் நாட்டைப் பொறுத்து இரண்டில் ஒன்றுடன் வருகிறது. இணையக் கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் மலிவுப் பிட்டுகளில் எந்த அளவு இருக்கும் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. அரை இன்ச் 12.7 மி.மீ. 6 மி.மீ.க்கும் கால் இன்ச்சுக்கும் வித்தியாசம் 0.35, 12 மி.மீ.க்கும் அரை இன்ச்சுக்கும் 0.7. பால் வெட்டியவர்களுக்கு இந்த அளவின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: பட்டையில் கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டுவைக்காமல் கத்தி உள்ளே இறங்கினால் மரம் காயம்பட்டு, மறுபட்டை முண்டு முண்டாக வளரும். கொலெட்டுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்கூடத் தாராளம். ஆறு மில்லிமீட்டர் தண்டைக் கால் இன்ச் கொலெட்டில் போட்டால் நட் இறுகும், பிட் நிற்கும், மோட்டாரைப் போட்டாலும் சுற்றும். மரத்தில் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். 8 மி.மீ. தண்டும் 5/16 இன்ச் கொலெட்டும் இன்னும் ஏமாற்றும், வித்தியாசம் 0.06 மி.மீ. மட்டுமே. கொஞ்சம் தட்டினால் உள்ளே போய்விடும் என்பதால் தட்டிவிடுகிறார்கள். அந்தக் கொலெட் அத்தோடு கெட்டது.

ஆகவே கடைக்குப் போகும்போது டிஜிட்டல் காலிப்பர் ஒன்று பையில் இருக்கட்டும். தண்டை அளந்து, கொலெட்டின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் இல்லாத கொலெட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

பெரிய கொலெட்டுக்குள் சிறு தண்டைப் போட உதவும் பிளவுபட்ட குறைப்புக் குழாயைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. இயந்திரத்தைச் செய்தவரே தரும் குழாயைச் சிறு பிட்டுக்கு, லேசான வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. சேர்க்கும் ஒவ்வொரு வளையமும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆட்டத்தைச் சேர்க்கும், ஆகவே தனிக் கொலெட்டே வேண்டும் என்பது மற்றொன்று. வருமானத்துக்காக ரவுட்டர் ஓட்டுபவருக்கு இரண்டாவதுதான் சரி. இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகுவதை யாரும் ஏற்பதில்லை.

தண்டின் தடிமனைத் தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் பெரியதையே எடுக்க வேண்டும். வளைவை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அரை இன்ச் தண்டு கால் இன்ச் தண்டைவிட இரு மடங்கு தடிமன், ஆனால் பதினாறு மடங்கு விறைப்பு.

கொலெட்டில் எத்தனை வகை

சிறு டிரிம்மர்களில் வருவது எளிய கூம்பு. பிளவுகள் குறைவு, சுவர் தடிப்பு. அளவு பிசகைக் கொஞ்சமும் தாங்காது. நட் தனி, கொலெட் தனி. நட்டைத் தளர்த்திய பிறகும் கொலெட் குழியில் ஒட்டிக்கொண்டு பிட்டை விடாமல் அடம்பிடிப்பது இதன் குணம். சுத்தியலை எடுக்கத் தூண்டுவதும் இதுதான். அங்கே அடி வாங்குவது கொலெட்டோடு தாங்கியும்தான்.

பெரிய ரவுட்டர்களின் நல்ல கொலெட் நட்டோடு பிணைந்திருக்கும். கழற்றும்போது நட் முதலில் ஒருமுறை தளரும். சில சுற்றுகளில் மறுபடி இறுகும். அங்கே இன்னொரு தடவை ஸ்பேனரைப் போட்டால்தான் கொலெட் குழியிலிருந்து வெளியே இழுபட்டுப் பிட்டை விடும். பழகாதவர்கள் இரண்டாவது இறுக்கத்தைக் கோளாறு என்று நினைத்துப் பிட்டைக் கொறடால் பிடித்து இழுப்பதுண்டு.

சி.என்.சி. ரவுட்டர்களில் நிலவுவது இ.ஆர். குடும்பம். சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1973-இல் கொண்டுவந்த வடிவம் இது. இன்று டின் 6499, ஐ.எஸ்.ஓ. 15488 தரங்களாக உலகப் பொது. சரிவு ஒரு பக்கத்துக்கு 8 பாகை. இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி வெட்டிய பிளவுகள் இருப்பதால் நீளம் முழுவதும் ஏறத்தாழ இணையாகச் சுருங்கும். இ.ஆர். 11, 16, 20, 25, 32, 40 என்று அளவுகள் போகின்றன. பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் 2.2 கிலோவாட் சீன ஸ்பின்டிலில் பெரும்பாலும் இ.ஆர். 20. கருவியைத் தானே மாற்றும் பெரிய இயந்திரங்களில் இ.ஆர். 32 வழக்கம்.

இ.ஆர். 20 கொலெட்டில் ‘7-6’ என்று பொறித்திருந்தால் 7 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை பிடிக்கும் என்று பொருள். கால் இன்ச் தண்டும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். அதனால் ஒரே கொலெட்டை வைத்து எல்லாம் ஓட்டலாமா? பிடிக்கும்தான். ஆனால் கொலெட் பிறந்த அளவில், அதாவது மேல் எல்லையில்தான் துளை வட்டமாக இருக்கும். சுருங்கச் சுருங்கத் தொடுபரப்பு குறையும், ஆட்டம் கூடும். ஆண்டுக்கு நாலு தடவை வரும் பிட்டுக்கு எல்லைக்குள் பிடித்தால் போதும். தினமும் ஓடும் பிட்டுக்கு 6.35 என்றே பொறித்த கொலெட் தனியாக வேண்டும். மேல் எல்லையைத் தாண்டிய தண்டை எந்தக் காரணத்துக்காகவும் நுழைக்கக் கூடாது.

மாட்டும் வரிசை

பிளக்கைப் பிடுங்குவது முதல் வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது. பிறகு குழி, கொலெட்டின் உள்ளும் வெளியும், நட்டின் மரை, பிட்டின் தண்டு என நான்கையும் துடைக்க வேண்டும். இறுக்கம் உராய்வை நம்பியிருப்பதால் அந்தப் பரப்புகளில் எண்ணெய் கூடாது.

இ.ஆர். வகையில் கொலெட்டை முதலில் நட்டுக்குள் சற்றுச் சாய்த்து ‘டக்’கென்று உட்கார வைத்து, அதன் பிறகே ஸ்பின்டிலில் ஏற்ற வேண்டும். நட்டுக்குள் மையம் விலகிய ஒரு வளையம் இருக்கிறது. அது கொலெட்டின் பள்ளத்தைக் கவ்வினால்தான் கழற்றும்போது வெளியே இழுக்க முடியும். கொலெட்டைக் குழியில் போட்டு மேலே நட்டை மூடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் கொலெட் கோணலாக உட்காரும், பிட் ஆடும், கடைசியில் கழற்றவும் வராது.

தண்டை எவ்வளவு உள்ளே விடுவது? கொலெட் துளையின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது தண்டு நிரப்ப வேண்டும். முழுவதும் நிரப்பினால் இன்னும் நல்லது. அடி தட்டும்வரை விட்டு, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது: நட் இறுகும்போது கொலெட் உள்நோக்கி நகர்கிறது, பிட்டும் கூடவே நகர வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிட் நகராது. கொலெட் முழுதாக உட்காராமல் பாதிப் பிடியில் நின்றுவிடும். சீவும் விளிம்பு தண்டோடு சேரும் வளைவையும் கொலெட் வாய்க்குள் விடக் கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 847-1-க்கு இணங்கிச் செய்த பிட்டின் தண்டில் குறைந்தபட்சப் பிடிநீளம் ஒரு கோடாகக் குறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியாமல் மாட்ட வேண்டும். கூடுதல் ஆழம் வேண்டுமென்று பிட்டை வெளியே நீட்டி ஓட்டுவதைவிட நீளமான பிட் ஒன்றை வாங்குவது மலிவு.

இறுக்கத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கைரவுட்டருக்குப் பெட்டியோடு வந்த இரண்டு ஸ்பேனர், ஒருவரின் சாதாரணக் கைவலு, அவ்வளவுதான் கணக்கு. ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டினால் மரை தேயும், கொலெட் விரிசல் விடும். சி.என்.சி.யில் நிலைமை தலைகீழ்: அங்கே பெரும்பாலும் இறுக்கம் போதாது. இ.ஆர். 20 நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்வது சுமார் 80 நியூட்டன் மீட்டர், இ.ஆர். 32-க்கு 136. இருபது சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் நாற்பது கிலோ எடையைத் தொங்கவிட்டால்தான் அந்த 80 வரும். தாங்கி சிறிதாக உள்ள ஸ்பின்டிலில் அதன் கையேடு சொல்லும் எல்லையைத் தாண்டக் கூடாது. டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கும் ஆலைகள் இந்த ஊகத்திலிருந்து தப்பிவிடுகின்றன.

பிட் இல்லாத வெறும் கொலெட்டை ஒருபோதும் இறுக்கக் கூடாது. உள்ளே தாங்க ஒன்றும் இல்லாததால் துளை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் நட்டைத் ‘தொலையாமல் இருக்கட்டும்’ என்று முறுக்கி வைக்கும் நல்ல எண்ணம் இப்படித்தான் கொலெட்டைக் கெடுக்கிறது.

இந்த மரம், இந்தக் காற்று

ரப்பர் மரம் நடுத்தர அடர்த்தி கொண்டது. உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ. சீவுவதற்குப் பொதுவாக இணக்கமானதுதான். ஆனால் அதில் இழுவிசை மரம் எனப்படும் பகுதிகள் நிறைய. அங்கே இழைகள் அறுபடாமல் பஞ்சுபோல எழும்பும். முனை மழுங்கிய பிட் அந்த இடத்தில் சூடேறும். எம்.டி.எஃப். பலகையோ மாவு போன்ற தூளையும் பசையையும் கக்கும். சூடான தூளும் பிசினும் பிளவுகளுக்குள் புகுந்து வேகும். பழுப்பாகப் படியும் அந்தப் படலம் கொலெட்டின் சுருக்கத்தைத் தடுக்கும், பிடி நழுவும், நழுவலால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் படலம்.

மலேசியாவின் ஈரக்காற்று இதோடு துருவையும் சேர்க்கிறது. வார இறுதி முழுக்கப் பிட் மாட்டியபடி விட்ட ரவுட்டரில் திங்கட்கிழமை கொலெட் கழற்ற வராமல் போவது புதிதல்ல. வேலை முடிந்த அன்றே பிட்டைக் கழற்றி, துளையைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிசினுக்குக் கரைப்பான் போட்டு உலர்த்தி வைத்தால் போதும். எஃகுத் தூரிகையும் உப்புத்தாளும் துளையின் வட்டத்தைக் கெடுக்கும்.

எப்போது மாற்றுவது

தொடர்ந்து ஓடும் சி.என்.சி. இயந்திரங்களுக்குக் கருவித் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 400 முதல் 500 மணி நேர ஓட்டம். ஒரு ஷிப்ட் ஓடும் ஆலைக்கு இது இரண்டு மூன்று மாதம். மணிக்கணக்கைவிட அளந்து பார்ப்பதே முறை என்போரும் உண்டு. இரண்டுக்கும் இடம் இருக்கிறது: மூன்று ஷிப்ட் ஆலைக்கு மணிக்கணக்கு வசதி, வாரத்துக்குச் சில மணி நேரம் ஓடும் பட்டறைக்கு அளவைதான் வழி.

அளப்பதற்கு நேரான, புது எஃகுத் தண்டு ஒன்றும் டயல் கேஜும் வேண்டும். தண்டை மாட்டி, ஸ்பின்டிலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் முள் ஆடும் அளவே மொத்த ஆட்டம். நல்ல இ.ஆர். கொலெட்டில் அது 0.01 முதல் 0.02 மி.மீ.க்குள் நிற்கும். 0.1-ஐத் தொட்டால் என்ன ஆகும்? இரண்டு விளிம்புப் பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்றில், நிமிடத்துக்கு 3.6 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு விளிம்பும் 0.1 மி.மீ. சீவ வேண்டும். ஆட்டமும் 0.1 என்றால் ஒரு விளிம்பு 0.2 சீவும், மற்றது சும்மா சுற்றும். இரண்டு விளிம்புக்குக் காசு கொடுத்து ஒன்றை ஓட்டுவதாகவே அர்த்தம்.

கேஜ் இல்லாத இடத்தில் கண்ணே போதும். தண்டில் பழுப்பு வளையங்களோ உரசிய கீறல்களோ தெரிந்தால் பிட் உள்ளே நழுவியிருக்கிறது. கொலெட் வாய் மணிபோல் விரிந்திருந்தாலும், பிளவுகள் சமமாக இல்லாவிட்டாலும், முன்பு போல் இறுக்கியும் பிட் இறங்கினாலும் அது கழிவு. கொலெட்டை மாற்றியும் ஆட்டம் குறையாவிட்டால் குற்றவாளி குழியோ தாங்கியோ; பழைய கொலெட் தன் தேய்மானத்தை ஸ்பின்டில் குழிக்கும் கடத்திவிடும் என்பதால்தான் தாமதம் இங்கே விலை உயர்ந்தது.

வேகம், பாதுகாப்பு, சட்டம்

50 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 22,000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 207 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அந்த நிலையில் கொலெட் விட்டுக்கொடுத்தால் பிட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 25 மி.மீ. வரையுள்ள பிட்டுக்கு 24,000 சுற்று, 50 மி.மீ. அளவில் 18,000, 75 மி.மீ.யைத் தாண்டினால் 12,000 என்று இறக்கிக்கொண்டே வருவது பொது வழக்கம். பிட்டில் பொறித்த உச்ச வேகம் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே சட்டம்.

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அதே நாளில் விலக்கப்பட்டது. சில விதிவிலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களும் இப்போது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. ஐந்து பேருக்கு மேல், ஏன், ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை முதலாளி நியமிக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு அபராத உச்சவரம்பு 50 ஆயிரம் ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஷாப்லாட்டின் பின்கட்டில் நாலைந்து பேரோடு அலமாரி செய்யும் பட்டறைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

புதிதாகத் தொடங்கும் பட்டறைக்கு ஆலோசனை இதுதான். மெட்ரிக் அல்லது இன்ச், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதே முறையில் எல்லாப் பிட்டையும் வாங்குங்கள். உள்ளூர்க் கடையில் எந்தத் தண்டு சுலபமாகக் கிடைக்கிறதோ அதுவே உங்கள் முறை. இரண்டும் ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் ஒவ்வோர் அளவின் கொலெட்டுக்கும் பிட் பெட்டிக்கும் ஒரே நிறச் சாயம் பூசி, 6-ஐயும் 6.35-ஐயும் தனித்தனி இழுப்பறையில் வையுங்கள். கைரவுட்டருக்கு இயந்திரத்தைச் செய்தவரின் கொலெட்டையே வாங்குங்கள், இ.ஆர். வகைக்கு ஆட்டத்தின் அளவைப் பெட்டியில் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். மாட்டிய தேதியைக் கொலெட் பெட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை பிட் கருகும்போது புதுப் பிட்டுக்கு ஆர்டர் போடும் முன், கையில் காலிப்பரை எடுத்துக்கொண்டு கொலெட்டைப் பாருங்கள்.